அம்பர் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் அம்பர் எனும் தொல்மரப்பிசின் கல்லைச் சேகரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்லுக்குள் இருக்கும் எறும்பு இதுவரை யாரும் விவரிக்காத இனமாகவே இருக்கலாம். அதனால்தான் கேட்கிறோம்: அதற்குப் பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள், மெருகேற்ற அதைவிட அவசரப்படாதீர்கள்.

முதலில் அது அம்பர்தானா? 200 மில்லி நீரில் ஏறக்குறைய 70 கிராம் உப்பைக் கரைத்துக் கல்லைப் போடுங்கள். பேக்கலைட் எனும் நெகிழியால் செய்த போலி மூழ்கும். கோபால் எனும் இளம்பிசினோ அம்பரைப் போலவே மிதந்து ஏமாற்றும். எனவே எறும்பிலிருந்து தள்ளி, ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் கோபால்.

நல்ல எறும்புகள் பாழாவது மெருகில்தான். சக்கரத்தில் கொடுத்தால் சூட்டில் பிசின் விரிசல் விடும். விரிசல் உடலைத் தொட்டால் காற்று புகுந்து, வெள்ளித்தாள் சுற்றியதுபோல் பளபளக்கும். பிறகு ஒரு மயிர்கூடத் தெரியாது. தண்ணீர் விட்டு, கையால், 800, 1200, 2000 எண் உப்புத்தாள்களில் வரிசையாகத் தேயுங்கள். எறும்பின் முகத்துக்கு நேரே ஒரு தட்டைப் பரப்பு, பக்கவாட்டில் ஒன்று, அவ்வளவு போதும். உடலுக்கு மேல் அரை மில்லிமீட்டர் பிசினையாவது விட்டுவையுங்கள். கை அரித்தால் மோதிரக் கல்லைத் தேயுங்கள்.

வளைந்த பரப்பு வழியே எடுத்த அளவு பொய் சொல்லும். மேலே ஒரு சொட்டுச் சர்க்கரைப் பாகு விட்டுக் கண்ணாடிச் சில்லால் மூடிப் பாருங்கள். (பிறகு கழுவ மறந்தால், இன்றைய எறும்புகள் அன்றைய எறும்பைத் தேடி வரும்.) தலையின் அகலம், நீளம், உணர்கொம்பின் முதல் கணு, மார்பின் நீளம் ஆகியவற்றை அளந்து குறியுங்கள். தலை அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வரும் எண்ணை வைத்தே பிற இனங்களோடு ஒப்பிடுவோம்.

எறும்புதானா என்று உறுதிசெய்ய இடுப்புக்கணுவையும், பின்னங்கால் பொருந்தும் இடத்துக்கு மேலுள்ள சுரப்பித் துளையையும் தேடுங்கள். உணர்கொம்பின் முதல் கணு குட்டையாக இருக்கிறதே, இது குளவி என்று தள்ளிவிடாதீர்கள். ஏறக்குறைய 9 கோடியே 90 லட்சம் ஆண்டுப் பழமையான மியன்மார் அம்பரில் அப்படிப்பட்ட எறும்புகளும் உண்டு; 1967இல் நியூ ஜெர்சி அம்பரிலிருந்து விவரிக்கப்பட்ட ஸ்பெக்கோமிர்மா எனும் தொல்லெறும்பிலும் குளவிச் சாயல் உண்டு. ஒரே இனத்தின் ஆணெறும்பையும் வேலைக்கார எறும்பையும் இரண்டு இனமாக்கிவிடும் தவறும் எளிதில் நேரும்.

சமூக ஊடகத்தில் படத்தோடு இடும் பெயர் விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி செல்லாது. பிற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் விவரிப்பு வேண்டும். மூலமாதிரி (இனப்பெயருக்கு அடிப்படையாகும் மாதிரி) எது, எந்தத் தொகுப்பில் இருக்கும் என்பதும் அச்சேற வேண்டும். மின்னிதழில் மட்டும் வந்தால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவும் தேவை. வீட்டு அலமாரியில் இருக்கும் மூலமாதிரியைப் பல இதழ்கள் ஏற்பதில்லை. ஆகவே கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் போன்ற பொதுத் தொகுப்பை முன்கூட்டியே அணுகுங்கள். 2025இல் விவரிக்கப்பட்ட 11 கோடியே 30 லட்சம் ஆண்டுப் பழமையான பிரேசில் எறும்பு வல்கானிட்ரிஸ், சாவ் பாவ்லோ அரும்பொருளகத் தொகுப்பிலிருந்தே கண்டெடுக்கப்பட்டது.

மியன்மார் கல் என்றால் வாங்கிய தேதி காட்டும் ரசீது மிக முக்கியம். 2017இல் ராணுவம் ஹுகாங் பள்ளத்தாக்குச் சுரங்கங்களைக் கைப்பற்றிய பிறகு வெளிவந்த அம்பரை ஏற்கத் தயங்கும் இதழ்கள் உண்டு. ரசீதையும் கல்லையும் ஒரே பெட்டியில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

இப்படிக்கு,
எறும்பு வகைப்பாட்டில் ஈடுபட்டுள்ள நண்பர்கள்