சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் முடிவு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் நிறுவனங்களில் சேசிஸ் பிரிவில், அதாவது காரின் அடிச்சட்டம், சஸ்பென்ஷன் (சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு), ஸ்டீயரிங் ஆகியவற்றில் வேலை செய்யும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் பொறியியல் படித்தவன் இல்லை, பந்தயம் ஓட்டியவனும் இல்லை. இருபது வருடங்களாகத் தினமும் கார் ஓட்டுகிறேன். மோட்டார் பந்தயங்களை அதற்கும் முன்பிருந்தே விடாமல் பார்த்து வருகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: எங்கள் கார்களுக்கான பாடத்தை சர்க்யூட்டில், அதாவது பந்தயத்துக்கென்றே போட்ட சுற்றுத் தடத்தில் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, சாதாரணப் பாதைகளில் நடக்கும் ராலி பந்தயத்தைப் பாருங்கள்.

வேகமான மாடல் ஒன்று வெளிவந்தால், ஜெர்மனியில் உள்ள நியூர்பர்க்ரிங்கின் நார்த்ஷ்லைஃப தடத்தை எத்தனை நிமிடத்தில் சுற்றியது என்பதைத்தான் பெருமையாகச் சொல்கிறீர்கள். 1927-ல் திறந்த தடம், 20.8 கிலோமீட்டர் நீளம், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். ரசிகனாக எனக்கு அந்தத் தடத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் சுற்று நேரத்தில் சில விநாடிகளைக் குறைக்க என்னவெல்லாம் செய்வீர்கள்? ஸ்பிரிங்கை இறுக்குவீர்கள், வண்டியைத் தாழ்த்துவீர்கள், பெரிய வீலைப் போட்டு அதன்மேல் ரப்பர் பட்டை மாதிரி மெல்லிய டயரை மாட்டுவீர்கள். அங்கே ஓட்டுபவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். எதிரே வண்டி வராது. அவர் தூங்கி எழுந்து தெளிவாக வந்திருப்பார்.

ராலி அப்படியா? பாதை ஊர்ச்சாலையாக இருக்கும், இல்லையென்றால் காட்டு மண்பாதை. பக்கத்தில் இருப்பவர் குறிப்பு வாசித்தாலும், முன்னால் போன கார்கள் வளைவில் எவ்வளவு கல்லையும் மண்ணையும் இழுத்துப் போட்டிருக்கின்றன என்பது அங்கே போனால்தான் தெரியும். ஒரு ஸ்டேஜ் (நேரம் அளந்து ஓட்டும் பகுதி) முடிந்து அடுத்த ஸ்டேஜுக்குப் போகும்போது அதே கார் நம்பர் பிளேட்டோடு பொதுச்சாலையில் போகிறது. சிக்னலில் நிற்கிறது, வேக வரம்புக்குள் ஓடுகிறது. எங்கள் தினசரி வாழ்க்கைக்கு இதைவிட நெருக்கமான பந்தயம் வேறு எது?

மண்பாதையில் ஓடும் உலக ராலி காரின் அடியில் பாருங்கள். வீல் 15 அங்குலம்தான். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கும். சஸ்பென்ஷன் நீளமாக ஏறி இறங்கும். சொகுசுக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் டயர் தரையை விடக்கூடாது, அவ்வளவுதான். தரையைத் தொடாத டயரால் திரும்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. இறுக்கமான ஸ்பிரிங்கும் கனமான பெரிய வீலும் உள்ள கார், மேடுபள்ளமான வளைவில் பக்கவாட்டில் தத்தித் தத்திப் போவதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். மழமழவென்ற தடத்தில் சிங்கமாக இருந்த அதே கார்!

ஃபார்முலா 1 கூட 2021 வரை 13 அங்குல வீலில்தான் ஓடியது. அந்தக் குண்டு டயரின் பக்கச்சுவர் சஸ்பென்ஷன் வேலையில் கணிசமான பங்கைச் செய்தது. 2022-ல் 18 அங்குலத்துக்கு மாறினார்கள், சாலைக் கார்களின் டயரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அதாவது பெரிய வீல் மோகம் ஷோரூமிலிருந்து பந்தயத்துக்குப் போயிருக்கிறது. பந்தயக் காரில் இருக்கிறதே என்று எங்களுக்கு விற்பது நியாயமாகப் படவில்லை.

அப்புறம் ஸ்டீயரிங். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

சில வருடங்களுக்கு முன் மழையில் ஒரு வளைவில் போய்க்கொண்டிருந்தேன். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பழைய கார், அதாவது பம்ப் தரும் எண்ணெய் அழுத்தம் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் வகை. வேகமும் அதிகமில்லை. பாதி வளைவில் ஸ்டீயரிங் திடீரென்று கையில் லேசானது. ஏன் என்று யோசிக்கும் முன்பே கால் ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாக எழுந்துவிட்டது. முன்டயர்கள் ஒரு கணம் வெளியே வழுக்கிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டன.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு இது அரிச்சுவடி. வளையும்போது டயர் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளப் பார்க்கும், அந்த விசைதான் கையில் கனமாகத் தெரிகிறது. டயரின் பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்த விசை குறையத் தொடங்கிவிடும். கை லேசாவது, டயர் முன்கூட்டியே தரும் எச்சரிக்கை.

இன்று அந்த எச்சரிக்கையைப் பல கார்களில் வடிகட்டிவிட்டீர்கள். பம்புக்குப் பதில் மின்மோட்டார் உதவும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் வந்ததில் எனக்குக் குறையில்லை. எஞ்சினோடு எப்போதும் சுழலும் பம்ப் போனது, எரிபொருள் மிச்சம். சரி. ஆனால் அதிர்வு வேண்டாம் என்று எல்லாவற்றையும் மோட்டார் விழுங்கும்படி விட்டுவிட்டு, ஸ்போர்ட் பட்டனை அமுக்கினால் வெறும் கனத்தைக் கூட்டித் தருகிறீர்கள். கனம் வேறு, சேதி வேறு. சேதியை நன்றாகக் கடத்தும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்குகளும் இருக்கின்றன, நானே ஓட்டியிருக்கிறேன். ஆகவே உங்களால் முடியும்.

நீங்கள் சரியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். சாதாரணக் கார்கள் எல்லை மீறும்போது முன்பக்கம் வெளியே இழுக்கும்படி, அதாவது அண்டர்ஸ்டீயர் ஆகும்படி வைக்கிறீர்கள். பந்தய ரசிகர்கள் பலர் இதைத் திட்டுவார்கள், நான் மாட்டேன். பயந்துபோன மனிதர் முதலில் செய்வது காலை எடுப்பது. முன்பக்கம் வழுக்கும் காருக்கு அதுவே மருந்து. பின்பக்கம் வீசும் காரில் அதே செயல் காரைச் சுழற்றிவிடும். 1997-ல் சுவீடன் பத்திரிகை ஒன்றின் சோதனையில், திடீரென்று குறுக்கே வந்த தடையைத் தவிர்ப்பதுபோல் திருப்பியபோது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பி கருவியை எல்லா ஏ-கிளாஸிலும் பொருத்தியது. சுற்று நேரம் அளந்திருந்தால் அந்தக் குறை வெளியே வந்திருக்குமா?

வைப்பரின் வேகத்தை டச் ஸ்கிரீனுக்குள் ஒளித்து வைப்பதையும் நிறுத்துங்கள். ஃபார்முலா 1 ஸ்டீயரிங்கில்கூட விரலுக்குத் தட்டுப்படும் பட்டனும் திருகும்தான்.

பெரிய சக்தி இல்லாவிட்டால் விற்காது என்பீர்கள். 1964-ல் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது ஒரு மினி கூப்பர் எஸ். 10 அங்குல வீல். அதைவிடப் பலமான எஞ்சின்களைக் கொண்ட கார்கள் பின்னால் வந்தன.

அடுத்த மாடலின் சஸ்பென்ஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். பாதி தேய்ந்த சாதாரண டயரை மாட்டுங்கள். நான்கு பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றுங்கள். பெயர்ந்துபோன ஈரச்சாலையில், மாலை இருட்டில், ஒரு நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். பின் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். இறங்கியதும் அவரிடம் கேளுங்கள்: டயர் என்ன செய்கிறது என்று கையில் தெரிந்ததா? அவர் சொல்லும் பதிலை விளம்பரத்தில் போடுங்கள். நான் அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த கார் வாங்குவேன்.

அன்புடன்,
தினமும் கார் ஓட்டும் ஒரு பந்தய ரசிகன்