ஏரிக்கரை ஆலமரத்து வௌவால்களுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் மாந்தோப்பு விவசாயிகள்,
காவேரிப்பட்டணம் ஒன்றியம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: சாலை விரிவாக்கத்துக்காக ஏரிக்கரை மரங்களை வெட்டுவதை நிறுத்திவைத்து, மறு ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்கும் ஆலமரத்தையும் அதையொட்டிய புளியமரங்களையும் வெட்டுவதற்காக அளந்து, பட்டையில் எண் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வேண்டாம் என்று ஏற்கெனவே ஒரு மனு கொடுத்தோம். 'மரங்களில் பறவைக் கூடுகள் ஏதும் காணப்படவில்லை, எனவே வெட்டுவதற்கு ஆட்சேபணை இல்லை' என்று பதில் வந்தது. பதிலில் பொய் எதுவும் இல்லை. கூடு இல்லைதான். ஆனால் அங்கே தொங்குவது பறவை அல்ல, பழந்தின்னி வௌவால். அது கூடு கட்டாது, முட்டையிடாது; குட்டி போட்டுப் பால் கொடுக்கும். கூட்டை மட்டும் தேடினால் அந்தக் குட்டிகள் கணக்கிலேயே வராது.

இதை எழுதும் நான் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் நடத்துகிற வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். உடம்பில் முடி, நடுக்காதில் மூன்று சிறு எலும்புகள், பிறந்ததற்குத் தாய்ப்பால், இவை இருந்தால் அது பாலூட்டி. இறக்கையா துடுப்பா என்பதெல்லாம் அப்புறம். ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையே இடுகிறது; பால் சுரப்பதால் அதுவும் பாலூட்டிதான்.

ஐரோப்பாவிலும் இந்தக் குழப்பம் வெகுகாலம் இருந்தது. ஸ்வீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ் 1735இல் உயிர்களை வகைப்படுத்தியபோது, வழக்கப்படி 'நான்கு கால் விலங்குகள்' என்றே ஒரு பிரிவை வைத்தார். திமிங்கலம் மீன்களோடு போனது. 1758இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் காலை விட்டுவிட்டுப் பாலைப் பிடித்தார். முலை என்று பொருள்படும் 'மம்மா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து 'மம்மேலியா' என்று பெயர் வைத்தார். திமிங்கலமும் உள்ளே வந்துவிட்டது. அவர் மருத்துவரும்கூட. குழந்தையைப் பாலுக்காகச் செவிலித்தாயிடம் விடும் வழக்கத்தைக் கண்டித்து 1752இல் எழுதியவர்.

அதே பதிப்பில் வௌவாலை அவர் மனிதனும் குரங்கும் இருக்கிற வரிசையிலேயே உட்கார வைத்தார். மார்பில் இரண்டு முலைகள் என்பது அந்த வரிசைக்கு அவர் சொன்ன அடையாளங்களில் ஒன்று. பின்னால் வந்தவர்கள் வௌவாலைத் தனி வரிசைக்கு மாற்றினார்கள், அது சரியும்கூட; மார்பில் முலை யானைக்கும்தான் உண்டு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குட்டி, கன்றுக்குட்டி மாதிரி தாயின் பின்னங்காலுக்கு இடையில் போகாது, முன்னங்காலுக்குப் பின்னால்தான் வாய் வைக்கும். வௌவாலுக்கும் மார்பில், அக்குளை ஒட்டித்தான் பால்.

இந்த வௌவால் பிப்ரவரியிலிருந்து மே வரை ஈனுகிறது, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. முதல் சில வாரங்கள் தாய் அதைச் சுமந்துகொண்டே பறக்கும். கனம் கூடியதும் மரத்தில் தொங்கவிட்டுவிட்டு இரைக்குப் போகும். பறக்கத் தெரியாத குட்டிகள் கிளையில் இருக்கும்போது ரம்பம் வைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்களில் பலர் மாந்தோப்புக்காரர்கள். வௌவால் பழம் தின்பதை மறுக்கவில்லை. ஆனால் காயாகவே பறித்துவிடுகிற மாங்காய்க்கு அதனால் பெரிய சேதம் கிடையாது. மரத்திலேயே பழுக்க விட்டதுதான் போகிறது, அதற்கு வலை கட்டலாம். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும், ஆல், அத்தி விதைகளைத் தூரம் கொண்டுபோய்ப் போடுவதும் இதே வௌவால்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், எலியோடு சேர்த்து இதைத் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தத் தீங்குயிர் அட்டவணையே நீக்கப்பட்டுவிட்டது. ஆஸ்துமாவுக்கு மருந்து என்று இதைப் பிடித்துத் தின்னும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வேறு வருத்தம். நோய் வரும் என்று பயப்படுபவர்களுக்கு, வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், அதைத் தொடாதீர்கள் என்று ஊரில் சொல்லி வருகிறோம்.

சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வளைவில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டியிருக்கிறது. மரங்களுக்கு எதிர்ப்புறம் புறம்போக்கு நிலம் இருக்கிறது. அந்தப் பக்கமாக அகலப்படுத்த முடியுமா என்று நெடுஞ்சாலைத் துறையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் ஆகஸ்ட் முடியும்வரை மரங்களைத் தொடக்கூடாது என்று உத்தரவிட வேண்டும். தங்கள் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் முன் இதை வைத்து, வௌவால் பற்றித் தெரிந்த ஒருவரோடு வனத்துறை மறுபடி வந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். கள ஆய்வுப் படிவத்தில் பறவைக் கூடு என்ற கலத்துக்குப் பக்கத்திலேயே, மரத்தில் வாழும் பாலூட்டிகள் என்று இன்னொரு கலமும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆய்வுக்கு வருபவர்கள் பொழுது சாயும் நேரத்தில் வந்தால், வௌவால்கள் கிளம்புவதை எண்ண வசதியாக இருக்கும். தேதியை ஊராட்சி அலுவலகத்தில் தெரிவித்தால் போதும், நாங்கள் கரையில் இருப்போம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் மாந்தோப்பு விவசாயிகள்

இணைப்பு: முந்தைய மனுவுக்கு வந்த பதிலின் நகல், மரங்களின் புகைப்படங்கள், கையெழுத்துப் பட்டியல்.