வயநாடு டிரிப் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா ஒரு விஷயம் பேசணும்

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

இந்த டெர்ம் எப்படி ஓடுச்சுன்னே தெரியல. அரையாண்டு ரிசல்ட் பரவால்லாம வந்திருக்கு, 10ம் வகுப்பு மேக்ஸ்ல மட்டும் இன்னும் கொஞ்சம் உழைக்கணும், கோ-கோ டீம் நல்லா ஆடினாங்க, சயின்ஸ் எக்ஸிபிஷன், பொங்கல் விழா எல்லாம் சிறப்பா நடந்துச்சு, ஒத்துழைச்ச எல்லாருக்கும் நன்றி. ரிவிஷன் டெஸ்ட் டைம்டேபிள் தனியா வரும்.

அப்புறம் 8, 9ம் வகுப்பு பிள்ளைங்களோட வயநாடு கயாக்கிங் (துடுப்பு போட்டு ஓட்டற சின்ன படகு) கேம்ப். போட்டோஸ் குரூப்ல பாத்திருப்பீங்க. கோயமுத்தூர்ல விடியக்காலை 4 மணிக்கு கிளம்பி, கல்லாறு செக்போஸ்ட்ல இ-பாஸ் காட்டி (கொண்டு வந்த பிளாஸ்டிக் பெட் பாட்டில் எல்லாம் அங்கயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க, சர்க்குலர்ல தடிச்ச எழுத்துல போட்டிருந்தோம்), ஊட்டி, நடுவட்டம், கூடலூர் வழியா மத்தியான சாப்பாட்டுக்கு கர்லாட் ஏரிக்கு போய் சேந்தாங்க. வயநாட்டுல பூக்கோடு ஏரிக்கு அடுத்தபடியா பெரிய ஏரி இதுதான், மாவட்ட சுற்றுலா கவுன்சில் நடத்தற இடம், ஏரிக்கு குறுக்க கம்பில தொங்கிக்கிட்டு போற ஜிப்லைன், கரையில டென்ட், பக்கத்துலயே பாணாசுர சாகர் டேம். நானும் கூட போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒரு கயாக்கும் நேரா போகல, எல்லாம் நின்ன இடத்துலயே வட்டம் அடிச்சுது, ஏன்னா எல்லாருக்கும் வலது கை பலம் ஜாஸ்தி. சாயங்காலம் அக்கரைக்கு போய் திரும்பற அளவுக்கு தேறிட்டாங்க. வேணும்னே தண்ணில விழுந்து லைஃப் ஜாக்கெட்ல மிதக்கவும் பழக்கிவிட்டாங்க, வீட்ல குளிக்கவே அழற சில பேர் அதுக்கு ரெண்டாவது ரவுண்டு கேட்டாங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி நடந்த மீட்டிங்ல நீங்க கேக்காத கேள்வி இல்ல. லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டா, எத்தன பிள்ளைக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர், நைட்டு பஸ் ஓட்டுவாங்களா, 2024ல நிலச்சரிவு வந்த ஊர் ஆச்சேன்னு எல்லாம். எல்லாமே நியாயமான கேள்விங்க. 2009ல தேக்கடில படகு கவுந்து 45 பேர் போனதுல நம்ம ஊர்க்காரங்களும் இருந்தாங்க. 2024 ஜனவரில வதோதரா ஹர்ணி ஏரிக்கு ஸ்கூல் பிக்னிக் போன 12 பிள்ளைங்களும் 2 டீச்சர்களும் உயிரோட திரும்பல, நிறைய பேருக்கு ஜாக்கெட்டே போடல. அதனால நீங்க கேட்டதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, இன்னும் கூட கேளுங்க.

ஆனா நாங்க உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு ஃபார்ம். பிள்ளையோட ஹெல்த் பத்தி ஒரு பக்கம். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, அலர்ஜி உண்டா, தினமும் மாத்திரை உண்டா, தூக்கத்துல நடக்கற பழக்கம் உண்டா. முக்கால்வாசி ஃபார்ம்ல மேல இருந்து கீழ வரைக்கும் 'இல்லை' 'இல்லை' 'இல்லை'ன்னு ஒரே பேனால ஒரே மூச்சுல எழுதி கையெழுத்து.

போன முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒரு பிள்ளை தன்னோட மாத்திரைய கையில வெச்சுக்கிட்டு எங்க பிடி மிஸ்கிட்ட "மிஸ், காலைல போட்டது மலைல ஹேர்பின் வளைவுல வாந்தில வந்துடுச்சு, இப்ப ரெண்டா போட்டுக்கவா"ன்னு கேட்டுருக்கு. என்ன மாத்திரைம்மான்னு கேட்டா, சத்து மாத்திரைன்னு பதில். வாங்கிப் பாத்தா பட்டைல பேர் இருக்கற பக்கத்த கத்தரிக்கோலால ஒழுங்கா வெட்டி எடுத்திருக்கு, பின்னாடி 'ரோன்'னு ரெண்டே எழுத்து மிச்சம். வீட்டுக்கு போன் பண்ணினோம், சத்து மாத்திரைதான் மிஸ்னு அம்மா சொன்னாங்க. திரும்ப பண்ணினோம், அதே பதில். மூணாவது தடவை அப்பா பேசினார், வீட்டுக்கு வெளிய வந்து நின்னு மெதுவா, "வலிப்புக்கு மேடம், ரெண்டு வருஷமா வரல, அதான் எழுதல"ன்னார்.

அந்தப் பிள்ளை யாரு, எந்த கிளாஸ், பையனா பொண்ணான்னு நான் சொல்ல மாட்டேன், குரூப்ல யாரும் கேக்கவும் வேண்டாம். பிள்ளை நல்லா இருக்கு. அன்னைக்கு ராத்திரியே அவங்க டாக்டர்கிட்ட பேசி, சொன்னபடி மாத்திரை குடுத்து, கேம்ப்ஃபயருக்கு உக்காரவிடாம சீக்கிரமே தூங்க வெச்சோம்.

இதுல எனக்கு எது பதறுச்சுன்னா, வலிப்பு வர்றதுக்கு என்னென்ன காரணம்னு டாக்டருங்க சொல்றாங்களோ அதுல பெரிய ரெண்டு, மாத்திரை தவறறதும் தூக்கம் கெடறதும். 4 மணிக்கு பஸ் ஏத்தி, மாத்திரை வாந்தில போய், நைட்டு 11 மணி வரைக்கும் கேம்ப்ஃபயர்ல பாட்டு பாட விட்டு, மறுநாள் காலைல தனியா கயாக்ல ஏத்தி ஏரி நடுவுல அனுப்பறதா பிளான், ரெண்டுமே எங்க ஷெட்யூல்லயே இருந்திருக்கு. ஜாக்கெட் இருக்கேன்னு கேப்பீங்க. கயாக்கிங்குக்கு போடற ஜாக்கெட் மிதக்க வைக்கும் அவ்வளவுதான், நினைவில்லாதவங்களோட முகத்த மேல பாக்க திருப்பிவிடும்னு அத நம்ப முடியாது. முகம் தண்ணிக்குள்ள இருந்தா ஜாக்கெட் போட்டும் பிரயோஜனம் இல்ல. இது அந்த அப்பாவுக்கு தெரியாது, தெரிஞ்சிருக்கணும்னும் நான் சொல்லல. தெரிஞ்சவங்ககிட்ட சொல்லியிருந்தா போதும்.

இவங்க மட்டும் இல்ல. இன்ஹேலர சாக்ஸுக்குள்ள சுருட்டி பைக்கு அடில வெச்சு அனுப்பினவங்க உண்டு. குளிர்ல இழுப்பு வந்தா பைய கவுத்துக்கொட்டி தேடற நேரமா அது? தூக்கத்துல நடக்கற ஒரு பிள்ளை ராத்திரி ரெண்டு மணிக்கு டென்ட் ஜிப்ப திறந்துட்டு வெளிய வந்து நின்னுச்சு, இருபது அடில ஏரி, சத்தம் கேட்டு முழிச்சது எங்க டிரைவர் அண்ணன். (போன் ஒளிச்சு அனுப்பினது, ஒரு ஃபேமிலி கார்லயே பின்னாடி வந்து பக்கத்து ரிசார்ட்ல ரூம் போட்டது, இதெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கலாம்.)

ஏன் மறைக்கறீங்கன்னு எனக்கு புரியாம இல்ல. எழுதினா பிள்ளைய கூட்டிட்டு போக மாட்டாங்கன்னு ஒரு பயம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வர்றப்ப பேச்சாகும்னு இன்னொரு பயம், அதுவும் பொண்ணா இருந்தா கேக்கவே வேண்டாம். இந்து திருமணச் சட்டத்துல வலிப்ப ஒரு தடையா வெச்சு ஒரு வார்த்தை இருந்துச்சு, 1999லயே அத எடுத்துட்டாங்க. சட்டமே விட்டுடுச்சு, சொந்தக்காரங்க வாய்க்கு பயந்து நாம இன்னும் பட்டைய வெட்டிக்கிட்டு இருக்கோம்.

கூட்டிட்டு போக மாட்டோம்ங்கறதும் தப்பு. மறுநாள் அதே பிள்ளை, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு, ரெண்டு பேர் உக்கார்ற கயாக்ல பின்னாடி இன்ஸ்ட்ரக்டர வெச்சுக்கிட்டு ஏரிய சுத்தி வந்துச்சு. ஜிப்லைன் மட்டும் வேண்டாம்னுட்டோம், அதுக்கு அஞ்சு நிமிஷம் கோவம், அவ்வளவுதான். முன்னாடியே தெரிஞ்சிருந்தா பஸ்ல முன் சீட்டு, வாந்தி வராம இருக்க டாக்டர் சொல்ற மாத்திரை, கரைக்கு பக்கத்து டென்ட் வேண்டாம்னு எல்லாமே யோசிச்சு வெச்சிருப்போம். நாங்க வேணாம்னு ஒதுக்கறதுக்காக அந்த ஃபார்ம கேக்கல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்து திணிக்கறது, வாயில ஸ்பூன் வைக்கறது, இந்த ரெண்டையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க, பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க. ஒருக்களிச்சு படுக்க வெச்சு, தலைக்கு அடில மெத்துன்னு எதாவது குடுத்து, கடிகாரத்த பாக்கணும். 5 நிமிஷம் தாண்டுச்சுன்னா உடனே ஆஸ்பத்திரி. எங்க டீச்சர் எல்லாருக்கும் இத சொல்லியிருக்கோம், ஆனா யாருக்கு வரலாம்னு தெரியாம கல்பெட்டா ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்னு மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்து என்ன பண்றது?

இப்ப கொஞ்சம் கறாரா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இனிமே எந்த டிரிப்பா இருந்தாலும் புது ஹெல்த் ஃபார்ம், ஆஸ்துமா, வலிப்பு, இருதயம், கடுமையான அலர்ஜி இதுல எது இருந்தாலும் டாக்டர் கையெழுத்தோட. மாத்திரை முழுப் பட்டையோட, பேர் தெரியற மாதிரி, எந்த நேரம் எத்தனன்னு எழுதின சீட்டோட டீச்சர் கையில குடுக்கணும், பிள்ளை பையில இருக்கக்கூடாது. இன்ஹேலர் மட்டும் பிள்ளைகிட்ட ஒண்ணு, டீச்சர்கிட்ட ஒண்ணு. தெரிஞ்சே மறைச்சது தெரிய வந்தா அந்த வருஷம் அடுத்த டிரிப் கிடையாது, சிபாரிசோட வந்தாலும் கிடையாது. பிள்ளைக்கு தண்டனை குடுக்கற மாதிரி இருக்கும்னு தெரியும், ஆனா கூட வர்ற மத்த பிள்ளைங்களுக்கும் டீச்சர்களுக்கும் நான் பதில் சொல்லணும்.

கிளாஸ் டீச்சர் கையில குடுக்க சங்கடமா இருந்தா கவர்ல போட்டு ஒட்டி நேரா என்கிட்ட குடுங்க. நானும், கூட போற ரெண்டு டீச்சரும் மட்டும்தான் பாப்போம், டிரிப் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவோம். எழுத வராதவங்க வந்து வாயால சொன்னாலும் போதும், நான் எழுதிக்கறேன். படுக்கைய நனைக்கற விஷயமா இருந்தாலும் சொல்லுங்க, 13 வயசுலயும் அது இருக்கறதுதான், மாத்து பெட்ஷீட்டும் ஒரு ஓரமான டென்ட்டும் இருந்தா யாருக்கும் தெரியாம சமாளிச்சுடலாம்.

எல்லாரும் மறைச்சாங்கன்னு நான் சொல்ல வரல. மகனுக்கு குளவி கொட்டினா என்ன ஆகும், எந்த மாத்திரை முதல்ல, எந்த ஊசி அப்புறம்னு நாலு வரி எழுதி, மாத்திரைய போட்டோ எடுத்து ஒட்டி அனுப்பின ஒரு அப்பாவுக்கு தனியா நன்றி சொல்லணும். அந்த ஒரு ஃபார்ம பாத்துதான் டென்ட் போடற இடத்துல மரத்த எல்லாம் அண்ணாந்து பாத்து ஒரு டென்ட்ட இடம் மாத்தினோம். ராத்திரி போன் பண்ணினப்ப கடைசில உண்மைய சொன்ன அந்த அப்பாவுக்கும் நன்றி, அது லேசான காரியம் இல்ல. தூங்காம முழிச்சிருந்த பிடி மிஸ், ஹிந்தி மிஸ், டிரைவர் அண்ணன், விட்டுப்போன துணிய எல்லாம் கூரியர்ல அனுப்பி வெச்ச கேம்ப் ஆளுங்க, எங்கள நம்பி பிள்ளைய அனுப்பின நீங்க, எல்லாருக்கும் மனசார நன்றிங்க.

6, 7ம் வகுப்பு ஒரு நாள் டிரிப் அடுத்த மாசம் இருக்கு. புது ஃபார்ம் திங்கக்கிழமை பிள்ளைங்க கையில வரும், வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பி அனுப்புங்க. அந்த கூரியர் துணி ஆபீஸ்ல இருக்கு, ஒரு நீல ஸ்வெட்டர், மூணு துண்டு, வலது கால் ஷூ ஒண்ணு, யாருதுன்னு வந்து பாத்து எடுத்துக்கோங்க.

அன்புடன்,
தலைமையாசிரியை