பிள்ளைகள் வீட்டில் பேசப்போகும் ஓர் உரம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பில் இந்த வாரம் மண்ணின் சத்துகளைப் பற்றிய பாடம் நடந்தது. அதில் சிறுநீரைத் தோட்டத்துக்கு உரமாக்கலாம் என்ற செய்தியும் வந்தது. பிள்ளைகள் அதை வீட்டில் சொன்னால் அருவருப்பாகத் தோன்றலாம். தயவுசெய்து அதட்டி அடக்கிவிடாதீர்கள். அவர்கள் சொல்வது சரியான அறிவியல்.

மூட்டையில் வாங்கும் யூரியாவும் நம் சிறுநீரில் உள்ள யூரியாவும் ஒரே பொருள்தான். உணவில் நாம் உட்கொள்ளும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அதோடு சேர்ந்தே இருக்கின்றன. 1669-இல் ஹென்னிக் பிராண்ட் என்ற ஜெர்மானியர் பாஸ்பரஸைக் கண்டுபிடித்ததே சிறுநீரைக் காய்ச்சித்தான்! இதைக் கேட்டபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இவ்வளவு சத்தையும் நல்ல தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்புகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். கழிப்பறைத் தொட்டி ஒருமுறை பிளஷ் செய்ய சுமார் 6 லிட்டர் எடுக்கும். பழைய தொட்டி என்றால் 9 லிட்டருக்கு மேலும் போகும். ஒருவர் நாளுக்கு நான்கு முறை தவிர்த்தாலே 24 லிட்டர் மிச்சம். உரத்தைக் கரைக்கவும் தண்ணீர் வேண்டுமே என்று கேட்பீர்கள். அது எப்படியும் செடிக்கு ஊற்றப்போகும் தண்ணீர்தானே.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் பெரியவர்களே செய்யுங்கள். ஒரு பங்கு சிறுநீருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வேரோரம் மண்ணில் ஊற்றி, மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடுங்கள். மூடாவிட்டால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும், நாற்றமும் வரும். தொட்டிச் செடிகளில் உப்பு சேரும், அதனால் அவற்றுக்கு அளவோடுதான். இளநாற்றுகளுக்கு வேண்டவே வேண்டாம். நோயுற்றவர், மருந்து சாப்பிடுபவர் ஆகியோரின் சிறுநீரைத் தவிர்த்துவிடுங்கள். மலம் துளியும் கலக்கக் கூடாது, ஏனென்றால் கிருமி ஆபத்து பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சொந்த வீட்டுத் தேவைக்கு விளைவிப்பதானாலும் கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் நடுவே ஒரு மாத இடைவெளி வேண்டும். அப்புறம், கலந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பள்ளித் தோட்டத்தில் இதைச் செய்யப்போவதில்லை. பல குடும்பத்துப் பிள்ளைகள் கைவைக்கும் இடம் அது. எந்தப் பிள்ளையும் பாட்டிலில் எதையும் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது. வீட்டில் இதைச் செய்யும் பிள்ளையை யாரும் கேலி செய்யவும் கூடாது. அப்படி நடந்தால் உடனே எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறோம். கழிப்பறைத் தொட்டிக்கு வரும் குழாயை மூடிவிட்டு, பிளஷ் செய்து காலியாக்கி, அளவுக்குவளையால் பழைய மட்டம் வரை நிரப்பினால் ஒரு பிளஷுக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். கூட நின்று உதவுங்கள். வீட்டில் பிளஷ் தொட்டி இல்லாதவர்கள் வாளிக் கணக்கை எழுதினால் போதும். வரும் வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் ஆசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லா வீட்டுக் கணக்கையும் கூட்டி வகுப்பில் பலகையில் எழுதப்போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்