அப்பத்தாவின் ராட்டைக்கு ஒரு ரசீது

காந்தி ஆய்வு மைய, அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு மாணவி இரண்டு பஸ் மாறி உங்களிடம் வந்தார். 1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்துபோன பிறகு இங்கே வீட்டுப் பெண்கள் நூல் நூற்றதைப் பற்றி ஆய்வு செய்கிறவர். என் அப்பத்தாவின் கணக்கு நோட்டு உங்களிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியதே நான்தான். "அப்படி எதுவும் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

திறப்பு விழாவுக்கு முன்னால் நீங்கள் வீடு வீடாக வந்தது நினைவிருக்கும். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இருந்த பெட்டகத்தைத் திறந்து ராட்டையையும் நோட்டையும் எடுத்துக் கொடுத்தேன். நூல் சுற்றும் கம்பி, அதான் கதிர், கொஞ்சம் வளைந்த ராட்டை. நோட்டில் அன்றன்றைக்கு எத்தனை சிட்டம் (சுற்றிக் கட்டிய கண்டு) நூல் என்று பென்சிலில் எழுதியிருப்பார் அப்பத்தா. கடைசிப் பக்கத்தில் மோர்க்காரி பாக்கி. ரசீது கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு ஆச்சி ரசீது?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இப்போது கண்ணாடிக்குள் ராட்டை இருக்கிறது. கீழே 'பழங்கால ராட்டை' என்று அட்டை. யார் கொடுத்தது, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. நோட்டையே காணோம். வாங்கிய பொருட்களுக்கு ஒரு பட்டியல் வையுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பினால் கரண்டிக்குக்கூடப் பட்டியல் உண்டு. பாத்திரத்தில் விலாசம், அதாவது குடும்பத்தின் பெயரெழுத்துகள், வெட்டாமல் கொடுக்க மாட்டோம். அதை விடுங்கள், காந்தியே 1894இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசுக்கு வந்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்தவர். ஒழுங்கான கணக்கு இல்லாமல் உண்மையைக் காப்பாற்ற முடியாது என்று தன் சுயசரிதையில் எழுதியும் வைத்தார். அந்தப் புத்தகம் உங்கள் விற்பனை மேசையில் அடுக்கியிருக்கிறது. ஓய்வு நேரத்தில் புரட்டலாம்.

1927இல் இங்குள்ள வீடுகளின் ஆடம்பரத்தைப் பார்த்துவிட்டு, அலங்கரிக்கும் பொறுப்பைத் தன்னிடம் விட்டால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்துத் தருவதாகச் சொன்னாராம் அவர். உங்கள் கிரானைட் தரையையும் குளுகுளு அரங்கையும் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. ஆய்வறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். நாற்காலிகள் என்ன ஆய்வு செய்கின்றனவோ!

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். தயவுசெய்து பட்டியல் வையுங்கள். வருகிறவர் பார்க்கும்படி, கொடுத்தவர் பெயரோடு. நோட்டைத் தேட ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், சாவியை மட்டும் கொடுத்தால் போதும். நானும் அந்தப் பெண்ணும் வந்து நாற்காலிகளை நகர்த்தித் தேடிக்கொள்கிறோம். வைகாசிக்குள் அவர் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி