குரோம்வெல்லின் மகளை விட்டுவிடுங்கள்: லண்டன் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் வரலாற்று நடை நடத்தும் வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்துக்கு வந்ததும் ஆலிவர் குரோம்வெல் கதை தொடங்கிவிடும்: மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டவைத்து, பிறகு மன்னரில்லாத இங்கிலாந்தை ஆண்டு, முடியாட்சி திரும்பியதும் செத்த பிறகும் தண்டனை வாங்கியவர். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து 1661 ஜனவரி 30 அன்று டைபர்னில் தூக்கிலிட்டது, தலையை வெட்டிக் கம்பத்தில் செருகியது எல்லாம் கேட்பவர்களுக்குப் பிடிக்கத்தான் செய்யும். சரி, சொல்லுங்கள். ஆனால் அதற்கு அப்புறம் ஒன்று சேர்க்கிறீர்களே: மகள் எலிசபெத் கிளேபோலை மட்டும் தோண்டவில்லை, ஏனென்றால் அவர் உத்தமி, மன்னர் கட்சிக்காரர்களுக்காக அப்பாவிடம் மன்றாடியவர், மரணப் படுக்கையில்கூடப் பாதிரியார் ஹெவிட்டைக் கொன்றதற்காக அப்பாவைத் திட்டித் தீர்த்தவர் என்று. அதை விட்டுவிடுங்கள்.

மன்னர் கட்சியின் சதியில் சேர்ந்தார் என்று ஹெவிட்டின் தலை போனது 1658 ஜூன் 8. ஜூன் 12 அன்று எலிசபெத் தன் அண்ணன் ஹென்றியின் மனைவிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. எதிரிகளின் கையிலிருந்து அப்பாவைக் காப்பாற்றிய கடவுளுக்கு அதில் நன்றி சொல்கிறார். சதி பலித்திருந்தால் குடும்பம் மட்டுமல்ல, நாடே இரத்தத்தில் மூழ்கியிருக்கும் என்கிறார். திட்டிய மகள் எழுதுகிற கடிதமா இது? பெற்ற மகளே வெறுத்தாள் என்ற பேச்சு யாருக்கு இனித்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

உத்தமி என்பதால்தான் விட்டார்கள் என்றால், குரோம்வெல்லின் தாயார் என்ன பாவம் செய்தார்? 1654-இல் இறந்த கிழவி அவர். 1661 செப்டம்பரில் அவர் உடலையும் தோண்டியெடுத்துப் பக்கத்திலுள்ள செயின்ட் மார்கரெட் தேவாலய வளாகத்தில் ஒரு குழியில் போட்டார்கள்.

எலிசபெத் சிபாரிசே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அரசியல் சிந்தனையாளர் ஜேம்ஸ் ஹாரிங்டனின் ‘ஓஷியானா’ நூலின் கையெழுத்துப்படி பறிமுதலானபோது, அதை மீட்க அவர் போய் நின்றது இந்த மகளிடம்தான் என்று சொல்வார்கள். நூல் 1656-இல் வெளிவந்தது, அதுவும் குரோம்வெல்லுக்கே சமர்ப்பணமாக! பதவி எதுவும் இல்லாத பெண்ணிடம் ஆட்கள் வந்ததற்குக் காரணம், அவர் அப்பாவின் செல்லம். அந்தச் செல்லத்தைப் பற்றித்தான் அப்பாவுக்குக் கவலையும். 1646-இல் மூத்த மகள் பிரிட்ஜெட்டுக்கு எழுதிய கடிதத்தில், உன் தங்கை தன் வீண்பகட்டைத் தானே உணரத் தொடங்கியிருக்கிறாள் என்று ஆறுதல்படுகிறார். முழுதாக உணர்ந்த மாதிரித் தெரியவில்லை. பின்னாளில் ஒரு திருமண விருந்தில் மேஜர் ஜெனரல்களின் (மாவட்டங்களை ஆள அப்பா அமர்த்திய படைத்தலைவர்கள்) மனைவிமார் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, வழக்கம்போல வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள் என்றாராம். எனக்கு இந்த எலிசபெத்தைத்தான் பிடித்திருக்கிறது.

1658 ஜூனில் கைக்குழந்தை போனது. ஆகஸ்ட் 6 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டில் எலிசபெத்தும் போனார், இருபத்தொன்பது வயதில். அரசாங்க வேலைகளைப் போட்டுவிட்டுப் படுக்கையருகிலேயே கிடந்த அப்பா செப்டம்பர் 3 அன்று இறந்தார். திட்டு வாங்கிய கதையைவிட இது போதாதா?

நேரம் இருந்தால் தங்கை மேரியையும் சொல்லுங்கள். 1663 ஜூனில் நாடகக் கொட்டகையில் அவரைப் பார்த்த சாமுவேல் பீப்ஸ், கூட்டம் சேர்ந்ததும் அவர் முகமூடி போட்டுக்கொண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உடனே அவமானத்தில் முகத்தை மறைத்தார் என்று கிளம்பிவிடாதீர்கள். அப்போது சீமாட்டிகளிடையே அதுதான் புது நாகரிகம் என்று பீப்ஸே அடுத்து எழுதுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் ஒருவர்