நீலி என்றே வைக்கட்டும்

அன்புள்ள தாணு,

உன் பேத்திக்கு நீலி என்று பேர் வைக்கப் போகிறார்கள், அதைக் கேட்டதிலிருந்து மதினி யாருக்கும் முகம் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். மதினியைக் குற்றம் சொல்ல முடியாது, நம்ம பக்கத்தில் நீலி என்றால் கள்ளியங்காட்டுப் பேய்தானே. பார்வதிபுரத்தில், கள்ளியங்காட்டுக்குப் பக்கத்திலேயே இத்தனை காலம் இருக்கிறேன், நீலி என்று பேருள்ள ஒரு பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை. வழியில் எவளாவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் திரும்பிப் பார்க்காதே என்று பயமுறுத்தப்பட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

உன் மகளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2025 ஓணத்துக்கு வந்த ‘லோகா’ படம். கல்யாணி பிரியதர்ஷன்தான் அதில் கள்ளியங்காட்டு நீலி, இந்தக் காலத்து உடுப்பில் பெங்களூரில் அடிதடி செய்கிறாள். 300 கோடிக்கு மேல் வசூல். சின்னப்பிள்ளைகள் நீலிக்குக் கைதட்டுவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது, ஏனென்றால் 2004 வாக்கில் டிவியில் கடமற்றத்து கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியாரின் தொடர் ஓடியபோது சுகன்யா நீலியாக வந்தால் வீட்டுப் பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடும். அதற்கும் முன்னால் 1979-இல் ‘கள்ளியங்காட்டு நீலி’ என்றே ஒரு மலையாளப் படம் உண்டு. கத்தனார் கதையில் அவளுக்கு என்ன வேலை சொல்லு? அவர் மந்திரத்துக்கு அடங்குவதுதான். புதுப் படத்தில்தான் கதையே அவளுடையது.

ஆனால் மக்கா, நம்ம ஊர் வில்லுப்பாட்டில் கதை எப்போதுமே அவளுடையதாகத்தான் இருந்திருக்கிறது. காதலனை நம்பிக் கூட வந்தவள் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் கூட்டி, அவள் தலையை அலுங்காமல் அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போடுகிறான். எல்லாம் நகைக்காக. சாகிறபோது பக்கத்தில் நின்ற கள்ளியைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள், வேறு யார் இருந்தார்கள் அங்கே? அடுத்த பிறவியில் அவன் செட்டியாக வரும்போது அதே கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வழக்குக்கு நிற்கிறாள். பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. பெரியவர்கள் அவன் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு அவளோடு அனுப்பிவிடுகிறார்கள், அப்புறம் அவள் அவனைக் கொன்று பழி தீர்த்ததுதான் உனக்குத் தெரியுமே. திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூரில் சொல்லும் கதையில் அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த வேளாளர் 70 பேரும் தீப்பாய்கிறார்கள். இதில் நீலிக் கண்ணீர் என்று கேலி பேச என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சிலப்பதிகாரத்திலும் ஒரு நீலி உண்டு, கவனித்திருக்கிறாயா? கோவலன் போன பிறவியில் ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்ல வைத்த சங்கமனின் பெண்டாட்டி. 14 நாள் அழுது அலைந்து, மலையேறிக் குதிக்கிறாள், எங்களுக்குச் செய்தவர்களுக்கும் இதே கதி வரட்டும் என்று சபித்துவிட்டு. அந்தச் சாபம்தான் மதுரையில் பலிக்கிறது. இன்னொருத்தி நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில் வருபவள். சமண முனிவரை மிரட்டப் போன பழையனூர் நீலி அவரிடமே பாடம் கேட்டு, பௌத்தர்களை வாதத்தில் மடக்குகிறாள். படித்த பேய்! ஜெயமோகனின் ‘காடு’ நாவலிலோ நீலி பேயே இல்லை, நம்ம மலையில் தேன் எடுக்கிற கூட்டத்துப் பெண். அதைப் படித்தபிறகு எனக்கு அந்தப் பேரைக் கேட்டால் பயம் வருவதில்லை.

மதினியிடம் ஒன்று மட்டும் கேள். இசக்கியம்மாள் என்று பேர் வைத்திருந்தால் முகத்தைத் தூக்கியிருப்பார்களா? உன் மகளுக்குப் பிள்ளை வேண்டும் என்று முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் தொட்டில் கட்டியது மதினிதானே. அங்கே கையில் ஒரு பிள்ளையும் வாயில் ஒரு பிள்ளையுமாக நிற்கிறாளே, அவள் யார்? இசக்கி என்றால் சாமி, நீலி என்றால் பேயா? இரண்டும் ஒருத்திதான் என்று வில்லுக்காரர்களே பாடுகிறார்கள். நேர்ச்சை வைத்த பிள்ளைக்கு அவள் பேரைப் போட மாட்டோம் என்றால் அவளுக்குத்தான் கோபம் வரும்.

பள்ளிக்கூடத்தில் நாலு பேர் கிண்டல் செய்வார்கள் என்கிறாயே, அது வாஸ்தவம்தான். சுயம்பு என்ற பேரை வைத்துக்கொண்டு நான் படித்து முடிக்கவில்லையா?

இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. எனக்கு மூட்டுவலி பரவாயில்லை. பேர் வைக்கிற தேதியைச் சீக்கிரம் சொல்லு, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காது.

உன்,
சுயம்பு